நேரலை வியாபாரம்: குத்தூசி யார் கையில்?



கைபேசித் திரையில் சரக்கைக் காட்டி விற்கும் வியாபாரம் இன்று பெருநகரங்களோடு நின்றுவிடவில்லை. சேலம் மாவட்டம் இளம்பிள்ளைச் சேலைக் கடைக்காரர்கள் கைபேசியைத் தாங்கியில் நிறுத்தி, சேலையை விரித்துக் காட்டி, பார்ப்பவர் கேட்கும் கேள்விக்கு அந்த நேரத்திலேயே பதில் சொல்லி விற்கிறார்கள். சீனாவில் தாவோபாவ் நிறுவனம் 2016இல் தொடங்கிய இந்த முறை அங்கே ஒரு பெரிய சந்தையாகவே வளர்ந்துவிட்டது. நம் காரைக்கால் வட்டாரத்து மளிகைக் கடைக்காரர்களும் மொத்த வியாபாரிகளும் இதைப் பற்றி ஒரு முடிவுக்கு வரவேண்டிய காலம் வந்துவிட்டது.

"இதெல்லாம் சேலைக்கும் நகைக்கும் சரி, பருப்புக்கும் மிளகாய்க்கும் எதற்கு?" என்கிறார்கள் ஒரு சாரார். "இனிமேல் கடையே வேண்டாம், கைபேசி இருந்தால் போதும்" என்கிறார்கள் மற்றொரு சாரார். இரண்டு பேச்சிலும் பாதி உண்மைதான் இருக்கிறது என்பது நமது கருத்து. இந்தத் தொழில்நுட்பம் நமக்குப் பயன்படும். ஆனால் எல்லோரும் நினைக்கிற இடத்தில் அல்ல. கடைக்கும் வாடிக்கையாளருக்கும் நடுவில் அல்ல, மண்டிக்கும் கடைக்கும் நடுவில்தான் முதலில் பயன்படும். அதை விளக்கவே இதை எழுதுகிறோம்.

மேகத்தில் இருப்பது என்ன?

'கிளவுட்' என்றதும் மிரண்டுவிட வேண்டாம். அது பிறர் கட்டி வைத்த கணிப்பொறிக் கிடங்கு, அவ்வளவுதான். சீசனில் சரக்கு கூடுதலாக வந்தால் நாம் புதிதாகக் குடோன் கட்டுவதில்லை. இரண்டு மாதத்துக்கு வாடகைக்கு எடுக்கிறோம், வேலை முடிந்ததும் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். கணிப்பொறித் திறனையும் அப்படியே வாடகைக்கு விடுகிறார்கள்.

அந்தக் கிடங்கில் வேலை வாங்குவதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. மில்லுக்கு ஆர்டர் கொடுக்கும்போது இன்ன ரகம், இத்தனை மூட்டை, இன்ன லாரி செட், இன்ன தேதி என்று குறித்து அனுப்புகிறோம். உள்ளே எந்த இயந்திரம் எப்படி ஓடுகிறது என்று நாம் கேட்பதில்லை. ஏ.பி.ஐ. எனப்படும் நிரல் இடைமுகமும் அந்த ஆர்டர் சீட்டு போன்றதே. "ஒரு கூடம் திற, இந்த நாற்பது பேரை உள்ளே விடு, இவர் பேசலாம், அவர் பார்க்க மட்டும் செய்யலாம், நடந்ததைப் பதிவு செய்து வை, அரை மணி கழித்துக் கூடத்தை மூடு" என்று நம் பையன் எழுதிய நிரல் உத்தரவு போடுகிறது. படத்தைச் சுருக்குவது, சிக்னல் குறைந்த இடத்துக்குத் தகுந்தபடி தரத்தைக் குறைத்து அனுப்புவது, எல்லோருக்கும் ஒரே சமயத்தில் பங்கிடுவது ஆகிய கனமான வேலைகளைக் கிடங்குக்காரன் பார்த்துக்கொள்கிறான். அகோரா, ட்விலியோ, 2020 ஜூலையில் அமேசான் தொடங்கிய ஐ.வி.எஸ். முதலியவை இந்தத் தொழிலில் உள்ள பெயர்கள்.

இருபது வினாடி என்ன பெரிய விஷயம்?

நேரலையில் இரண்டு வகை உண்டு. வியாபாரிக்கு இந்த வேறுபாடு தெரிந்தே ஆகவேண்டும்.

ஒன்று, படத்தைச் சில வினாடித் துண்டுகளாக வெட்டி, ஒன்றன் பின் ஒன்றாக அனுப்பும் முறை. ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்.எல்.எஸ். முறை இந்த வகை. எத்தனை கோடிப் பேருக்கும் இதில் அனுப்பலாம். 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பைக் கிரிக்கெட் இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டாரில் ஒரே சமயத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தது இப்படிப்பட்ட ஒருவழி ஒளிபரப்பில்தான். ஆனால் துண்டு வெட்டி, சேர்த்து, அனுப்புவதற்குள் பத்து முதல் முப்பது வினாடி வரை தாமதமாகிவிடும். பக்கத்து வீட்டில் சிக்சருக்குக் கைதட்டிய பிறகு நம் கைபேசியில் பந்து வீசப்படுவது இதனால்தான்.

மற்றொன்று, துண்டாகச் சேர்த்து வைக்காமல் வரவர அனுப்பிக்கொண்டே இருக்கும் இருவழி முறை. கூகுள் 2011இல் யாரும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்ட வெப்ஆர்டிசி இதற்கு அடிப்படை. 2021 ஜனவரியில் அது உலகப் பொதுத் தரமாக ஏற்கப்பட்டது. இதில் தாமதம் ஒரு வினாடிக்கும் குறைவு. 2023 ஆகஸ்டில் அமேசான் கொண்டுவந்த நேரடி வகையில் 300 மில்லிசெகண்டுக்கும் குறைவாக, அதாவது ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்குக்குள், படம் போய்ச் சேரும் என்கிறார்கள். தூரம் இதில் ஒரு பொருட்டே அல்ல. நம் ஊரிலிருந்து மும்பை நேர்க்கோட்டில் சுமார் 1,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி அதைக் கடக்க ஆறு மில்லிசெகண்டு போதும். தாமதம் வருவது வழியில் அல்ல, மூட்டை கட்டுவதில்தான்.

இது வியாபாரிக்கு ஏன் முக்கியம்? பட்டினச்சேரிக் கரையில் மீன் இறங்கியதும் நடக்கும் ஏலத்தை எண்ணிப் பாருங்கள். ஒருவர் விலை சொன்ன மூச்சிலேயே அடுத்தவர் ஏற்றுகிறார்; கண் மூடித் திறப்பதற்குள் கூடை கைமாறிவிடுகிறது. அங்கே ஒருவருக்கு மட்டும் இருபது வினாடி கழித்துத்தான் காதில் விழும் என்றால், அவர் ஏலத்தில் இருந்தும் இல்லாதவரே. பேரமும் அப்படித்தான். கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே அரை நிமிடம் போனால் அது பேரம் அல்ல, கடிதப் போக்குவரத்து.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. மூட்டையில் சரக்கு பார்க்கக் குத்தூசி போடுகிறோம். எந்த மூட்டையில் போடுவது, மேலே போடுவதா அடியில் போடுவதா என்று முடிவு செய்பவர் யார்? வாங்குபவர்தான். விற்பவரே மூட்டையைத் தேர்ந்தெடுத்துக் குத்திக் காட்டினால் அதற்கு மாதிரி என்று பெயரில்லை, அது விளம்பரம். முன்கூட்டியே எடுத்து அனுப்பிய வீடியோ விளம்பரம்தான். ஒருவழி நேரலையும் பெரும்பாலும் விளம்பரம்தான். "மூன்றாவது அடுக்கில் இடது ஓரத்து மூட்டையை இறக்குங்கள், அடியில் குத்துங்கள், கையில் கொட்டிக் காட்டுங்கள்" என்று வாங்குபவர் சொல்ல, அந்தக் கணமே அது நடக்க வேண்டும். அப்போதுதான் குத்தூசி வாங்குபவர் கையில் இருக்கிறது என்று பொருள். இருவழி நேரலையின் மதிப்பு முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது.

ஏலக்காய் சொல்லும் பாடம்

இப்படி எங்கேனும் நடந்திருக்கிறதா என்று கேட்கலாம். நம் கடைகளில் எல்லோரும் விற்கும் ஏலக்காயையே எடுத்துக்கொள்வோம். தேனி மாவட்டம் போடிநாயக்கனூரிலும், கேரளத்தின் இடுக்கி மாவட்டம் புத்தடியிலும் நறுமணப் பொருள் வாரியத்தின் ஏலக்கூடங்கள் உள்ளன. 2007இல் வாய்மொழி ஏலம் போய் மின்னணு ஏலம் வந்தது. ஆனாலும் வியாபாரி அந்தந்தக் கூடத்துக்கு நேரில் போய் உட்கார வேண்டியிருந்தது. 2020இல் கொரோனா காலத்தில் மாநில எல்லையைத் தாண்டுவதே சிரமமாகி ஏலம் தடைப்பட்டது. அதன்பின் 2021 ஜனவரியில் வாரியம் கிளவுட் முறையில் இரண்டு கூடங்களையும் இணைத்தது. போடியில் உட்கார்ந்திருப்பவர் புத்தடி ஏலத்திலும், புத்தடியில் இருப்பவர் போடி ஏலத்திலும் அதே நொடியில் விலை கேட்கலாம் என்றாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. விலை கேட்பது மட்டுமே கணிப்பொறிக்குப் போயிற்று. மாதிரிக் காய் வியாபாரியின் கைக்கு வருவது நிற்கவில்லை. காயின் பருமனைக் கண்ணால் பார்க்கலாம். அதன் மணத்தை எந்தத் திரையும் அனுப்பாது. பண விதியும் ஏல விதியும் வாரியத்தின் மேற்பார்வையில் இருந்தன. நம்பிக்கைக்கு ஒரு நடுவர், கைக்கு ஒரு மாதிரி, விலைக்கு ஒரு நேரடி இணைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்ததால்தான் அந்த ஏற்பாடு நிலைத்தது. இணைப்பை மட்டும் வாங்கிக்கொண்டு மற்ற இரண்டையும் விட்டால் நமக்குக் கிடைப்பது சண்டையும் சச்சரவும்தான்.

மிளகாயைக் கையில் நொறுக்கிப் பார்க்கிறோம். துவரம்பருப்பைப் பல்லில் கடித்து ஈரம் பார்க்கிறோம். கேமரா தானாகவே நிறத்தைக் கூட்டிக் குறைப்பதால் வெளுத்த மிளகாயும் சிவப்பாகத் தெரியும். ஆகவே திரையில் காட்டும்போது, சென்ற லாட்டில் இருவரும் ஒப்புக்கொண்ட மாதிரியை முத்திரையிட்ட பொட்டலமாகப் பக்கத்தில் வைத்துத்தான் காட்டவேண்டும். அதே மாதிரியின் மறுபாதி வாங்குபவர் கடையில் இருக்கவேண்டும். தராசின் எண் தெரியும்படி எடை போடவேண்டும். இவை செலவில்லாத ஒழுங்குகள்.

வாடகை எவ்வளவு?

சாதாரண வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு போதாதா என்பது நியாயமான கேள்வி. ஒரு மண்டியும் ஒரு கடையும் பேசிக்கொள்ள அது போதும். அதில் 32 பேர் வரை சேரவும் முடிகிறது. நாளைக்கே அதில் தொடங்கலாம், தவறில்லை. ஆனால் நாற்பது கடைக்காரர்கள் ஒரே லாட்டைப் பார்த்து, அவரவர் சொன்ன விலை நேரத்தோடு பதிவாகி, முடிந்ததும் பில்லோடு சேரவேண்டும் என்றால் வாடகைக் கூடம் தேவைப்படும்.

இங்கே கணக்கு வேறு மாதிரி என்பதை மறக்கக்கூடாது. குடோன் வாடகை மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையாக இருக்கும். இந்தக் கூடத்துக்கு ஆள் எண்ணிக்கையை நிமிடத்தால் பெருக்கி வாடகை. ஒருவர் காட்ட, நாற்பது பேர் பார்க்க, அரை மணி நடந்தால் 41 பெருக்கல் 30, ஆக 1,230 நிமிடம். மாதம் எட்டு முறை நடத்தினால் 9,840 நிமிடம். அகோரா நிறுவனம் பல ஆண்டுகளாக மாதம் 10,000 நிமிடம் வரை இலவசமாகக் கொடுத்து வந்திருக்கிறது. அதற்கு மேல் தெளிவான படத்துக்கு ஆயிரம் நிமிடத்துக்குச் சுமார் 4 டாலர் என்று விலைப்பட்டியல் போட்டிருந்தது. ஆக, நம் சங்கத்தின் அளவுக்கு இது தாங்கக்கூடிய செலவுதான்.

ஆனால் இதே கூடத்தைச் சில்லறை வாடிக்கையாளருக்குத் திறந்துவிட்டு ஆயிரம் பேர் வேடிக்கை பார்க்க வந்தால், ஒருவர்கூட ஒரு கிலோ வாங்காவிட்டாலும் வாடகை ஏறிக்கொண்டே போகும். கடை வாசலில் கூட்டம் நின்றால் நமக்குச் செலவில்லை. இங்கே நிற்கிற ஒவ்வொருவருக்கும் நிமிடக் கணக்கில் நாம் பணம் கட்டுகிறோம். முதலில் மொத்த வியாபாரத்தில் தொடங்குவோம் என்று நாம் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிடங்குக்காரன் கதவைச் சாத்தினால்?

வாடகைக்கு இருப்பவர்கள் ஒன்றை எப்போதும் நினைவில் வைக்கவேண்டும். டிக்டாக் செயலியை நம்பிப் பிழைத்தவர்கள் 2020 ஜூன் 29 அன்று அரசு தடை விதித்ததும் ஓரிரவில் தங்கள் பார்வையாளர்களை இழந்தார்கள். பேஸ்புக் தனது நேரலை விற்பனை வசதியை 2022 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. ட்விலியோ நிறுவனம் தனது வீடியோ ஏ.பி.ஐ. சேவையை ஓராண்டில் மூடப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. பிறகு கெடுவை 2026 வரை நீட்டித்தது. பிறகு 2024 அக்டோபரில் மூடப்போவதில்லை என்று மாற்றிச் சொன்னது. அதற்குள் எத்தனையோ பேர் மூட்டை முடிச்சுகளோடு வேறு இடம் தேடிப் போக வேண்டியதாயிற்று.

இதனால் இந்தத் தொழில்நுட்பமே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. குடோன் வாடகைக்கு இருக்கலாம். பேரேடு நம் கல்லாவில்தான் இருக்கவேண்டும். யார் நம் வாடிக்கையாளர், அவர் என்ன ரகம் வாங்குவார், எவ்வளவு பாக்கி, எந்தத் தேதியில் கொடுப்பார் என்பது தலைமுறை தலைமுறையாக நாம் சேர்த்த சொத்து. அதை எந்த நிறுவனத்தின் கணிப்பொறியிலும் மட்டும் விட்டு வைக்கக்கூடாது. இன்று ஒருவரிடம் கூடம் எடுத்தால் நாளை வேறொருவரிடம் மாறும்படி நிரல் எழுதச் சொல்லவேண்டும். வெப்ஆர்டிசி பொதுத் தரம் என்பதால் இது இயலாத காரியம் அல்ல.

நமக்கென்று ஒரு எல்லைச் சிக்கல்

காரைக்கால் வியாபாரிக்கு மட்டும் உரிய ஒரு சிக்கலையும் சொல்லியாகவேண்டும். 1954 நவம்பர் 1 வரை நம்மைச் சுற்றிப் பிரெஞ்சு எல்லை இருந்தது. அந்தச் சுங்கச் சாவடிகள் போய்விட்டன. ஆனால் வரிக் கணக்கில் எல்லை இன்னும் இருக்கிறது. திருமலைராயன்பட்டினத்துக் கடைக்கு நாகூர்க்காரர் நேரில் வந்து வாங்கிப் போனால் அது உள்ளூர் வியாபாரம். அவரே திரையில் பார்த்து ஆர்டர் சொல்லி, நாம் சில கிலோமீட்டர் தள்ளி நாகூருக்கு அனுப்பி வைத்தால் அது தமிழ்நாட்டுக்குப் போன சரக்கு. மாநிலம் விட்டு மாநிலம் விற்பனை.

ஜி.எஸ்.டி. சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி, வரிக்குட்பட்ட சரக்கை மாநிலம் தாண்டி விற்பவர் ஆண்டு விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு செய்தாகவேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவர் மாநிலம் தாண்டி விற்கவே கூடாது. நம் சிறு கடைக்காரர்களில் காம்போசிஷனில் இருப்பவர்கள் கைபேசியில் கூட்டம் சேர்ந்த உற்சாகத்தில் வேளாங்கண்ணிக்கும் மயிலாடுதுறைக்கும் சரக்கு அனுப்பத் தொடங்கினால், பிறகு நோட்டீஸ் வரும்போதுதான் விழிக்க நேரும். எனவே தொடங்கும் முன்பே கணக்காளரைக் கலந்துகொள்ளுங்கள். அத்துடன், பொட்டலப் பொருளை இணையவழியில் விற்கும்போது அதிகபட்ச விலை, நிகர எடை முதலிய விவரங்களைக் காட்டவேண்டும் என்ற விதி 2018 ஜனவரி முதல் நடைமுறையில் இருப்பதையும் மறக்க வேண்டாம்.

சங்கம் செய்ய வேண்டியது

மொத்த வியாபாரியாகிய நாமே இதை எழுதுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். குண்டூர் மிளகாய்க்காரரும் விருதுநகர் எண்ணெய் மில்காரரும் நேரே சில்லறைக் கடையின் திரையில் வந்துவிட்டால் நடுவில் இருக்கும் மண்டிக்கு என்ன வேலை என்று நம் நண்பர்கள் கேட்கிறார்கள். மறைக்காமல் சொல்கிறோம்: விலையை மட்டும் சொல்லிக் கமிஷன் வாங்கிய மண்டிக்கு இனி வேலை இருக்காது. மாதிரிக்குப் பொறுப்பேற்று, சரக்கு மாறினால் திருப்பி எடுத்து, பத்து மூட்டை வாங்க முடியாதவருக்கு ஒரு மூட்டையாகப் பிரித்துக் கொடுத்து, கடன் தாங்கும் மண்டிக்கு வேலை இருக்கும். அந்த வேலையைக் கண்ணாடிபோல் திறந்து செய்வதற்கு இந்த இருவழி நேரலை நமக்கு உதவும்.

நமது யோசனைகள் இவை. சங்கத்தின் பெயரில் ஒரே ஒரு கூடத்தை வாடகைக்கு எடுக்கலாம். ஆளுக்கொன்றாக எடுத்துப் பணத்தை இறைக்க வேண்டாம். வாரம் இரண்டு நாள் காலையில், சரக்கு வந்து இறங்கும் நேரத்தில் அரை மணி நடத்தலாம். எந்த மூட்டையைக் குத்துவது என்று கேட்கும் உரிமை வாங்கும் கடைக்காரருக்கே இருக்கவேண்டும். மறுக்கும் மண்டிக்குக் கூடத்தில் இடமில்லை என்று விதி செய்யலாம். மாதிரிப் பொட்டலமும் பதிவும் சங்கத்தின் பொறுப்பில் சரக்கு கைமாறி ஒரு மாதம் வரை இருக்கட்டும். தகராறு வந்தால் அதை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாம். நிரல் எழுதத் தெரிந்த பிள்ளைகள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள். சென்னைக்கும் பெங்களூருக்கும் போய் அவர்கள் செய்யும் வேலையில் கொஞ்சம் நமக்கும் செய்யட்டும். ஆறு மாதம் நடத்திப் பார்த்து, வரவு செலவைப் பொதுக்குழுவில் வைத்து, அதன்பிறகு கருவாடு, அரிசி என்று சில்லறைப் பக்கம் திறப்பதைப் பற்றி முடிவெடுக்கலாம்.

பெரிய நிறுவனங்கள் எப்படியும் இந்தத் திரையில் வரத்தான் போகின்றன. அவர்கள் காட்டும் மூட்டையை மட்டும் பார்த்து வாங்கும் நிலைக்கு நம் சிறு கடைகள் போய்விடக் கூடாது. தெரு முனையில் இருக்கும் சின்ன மளிகைக் கடைக்காரரும் "அந்த மூட்டையைக் குத்துங்கள்" என்று சொல்லக்கூடியவராக இருக்கவேண்டும். அடுத்த செயற்குழுவில் இதைப் பொருளாக வைக்குமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்களும் தங்கள் கருத்தை இந்த இதழுக்கு எழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம்.